தறியை விற்று ஏ320 படிக்கலாமா? நகரி வாசகிக்கு ஒரு பதில்

கடிதத்தின் சுருக்கம்

ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 25 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்குப் பள்ளி. நைனா விசைத்தறி வைத்திருக்கிறார். திருப்பதி போகும்போதெல்லாம், சாமி பார்க்க வரும் பெரிய மனிதர்களின் சின்ன ஜெட்டுகள் ரேணிகுண்டாவில் இறங்குவதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்கிறார். வங்கியில் வீட்டுப் பத்திரத்தை வைத்து 35 லட்சம் கடன் வாங்கி சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்தாகிவிட்டது. இரட்டை எஞ்சின் தகுதியும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் உண்டு. 200 மணிநேரத்துக்குச் சற்று மேல் பறந்திருக்கிறார். ஒன்றரை ஆண்டாக வேலை இல்லை. ஒரு ஏர்லைன்ஸ் தேர்வில் எழுத்துச் சுற்றைத் தாண்டி, அடுத்த சுற்றில் நின்றுவிட்டார்.

இப்போது ஐதராபாத்தில் ஒரு சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனம் கிங் ஏர் பி200 என்ற சின்ன விமானத்தில் துணை விமானி வேலை தருவதாகச் சொல்கிறது. முதல் ஆறு மாதம் மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை. மூன்று ஆண்டு விலக மாட்டேன் என்று பாண்ட், மீறினால் 20 லட்சம். தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை ஒன்றும், மூலச் சான்றிதழ்களும் கொடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் சென்னை ஏஜென்ட் ஒருவர், 18 லட்சம் கட்டினால் வெளிநாட்டில் ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கான டைப் ரேட்டிங் முடித்து ஏர்லைன்ஸில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். நைனா நான்கு தறிகளையும் ஒரு மனையையும் விற்கத் தயார். அம்மாவோ, "பணக்காரன் வீட்டு டிரைவர் வேலைக்கா முப்பத்தஞ்சு லட்சம்?" என்கிறார். மாமா, "பாண்டெல்லாம் கோர்ட்டில நிக்காது, கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் விட்டுட்டு வந்துடு" என்கிறார். 2025 டிசம்பரில் விமானங்களை ரத்து செய்து இண்டிகோ பட்ட பாட்டைக் காட்டி, ஏர்லைன்ஸ் பக்கமே போகாதே என்பதும் அதே மாமாதான்.

ஏர்லைன்ஸா, கார்ப்பரேட்டா (சார்ட்டர், தனியார் ஜெட் பக்கமா)? சார்ட்டரில் போகும் ஆண்டுகள் வீணாகிவிடுமா? இதுதான் கேள்வி.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நான் முதலில் சார்ட்டர் விமானங்களும் பிறகு ஏர்லைன்ஸும் ஓட்டி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றவன் என்பதால் யாருக்கும் கொடி பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஏர்லைன்ஸா கார்ப்பரேட்டா என்ற தேர்வு இன்று உங்கள் முன்னால் இல்லை. எந்த ஏர்லைன்ஸும் உங்களுக்கு வேலை தருவதாகச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பவை இரண்டு: ஒரு சார்ட்டர் நிறுவனத்தின் ஒப்பந்த நகல், ஒரு ஏஜென்டின் வாய்வார்த்தை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் குழம்புகிறீர்கள். ஏஜென்டை முதலில் முடித்துவிடலாம்.

18 லட்சம் எதை வாங்கும்?

ஏ320 டைப் ரேட்டிங் என்பது அந்த ஒரு விமான வகையை ஓட்டத் தெரியும் என்பதற்கான தகுதி. வேலைக்கான உத்தரவாதம் அதில் கிடையாது. இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை ஏ320 குடும்ப விமானங்களை ஓட்டுகின்றன, உண்மை. ஆனால் ஆகாசா ஏர் ஓட்டுவது போயிங் 737 மேக்ஸ் மட்டும். அலையன்ஸ் ஏர் பெரும்பாலும் ஏடிஆர். ஆக, 18 லட்சம் செலவழித்து நீங்கள் சில கதவுகளுக்கு மட்டும் சாவி செய்துகொள்கிறீர்கள், அந்தக் கதவுகளும் திறக்கும் என்று எவரும் எழுதித் தரவில்லை. புதியவர்களை எடுக்கும் நிறுவனங்கள் தேர்வு வைத்து, தேர்ந்தவர்களுக்குத் தங்கள் ஏற்பாட்டிலேயே டைப் ரேட்டிங் கொடுப்பதும் வழக்கம். அந்தச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆனால் அப்போது கையில் தேர்வான கடிதம் இருக்கும்.

அதைவிட முக்கியம், இந்தத் தகுதி சும்மா இருந்தால் துருப்பிடிக்கும். 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது பயணிகளை ஏற்றும் விமானிக்கான அடிப்படை விதி. வேலை கிடைக்காமல் ஓராண்டு போனால் திரும்ப சிமுலேட்டர், திரும்பச் சோதனை, திரும்பப் பணம். பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் கதை இது. சிமுலேட்டரில் முடித்த பயிற்சியை இந்திய உரிமத்தில் ஏற்றுவதற்கும் தனியாகப் படிகள் உண்டு. ஏஜென்ட் அதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் 11 சதவீத வட்டியில் 35 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் சுமார் 32,000 ரூபாய். இப்போது அதைக் கட்டுவது எது? தறி. அந்தத் தறியில் நான்கை விற்றால் கடனும் நிற்கும், கடன் கட்டும் வழியும் போகும். நைனாவின் பாசம் புரிகிறது. ஆனால் இந்த யோசனை வேண்டவே வேண்டாம். இதில் இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சார்ட்டர் வேலை என்றால் என்ன என்று யாராவது சொன்னார்களா?

ரேணிகுண்டாவில் நீங்கள் பார்த்தது விமானம் இறங்கும் காட்சி. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைச் சொல்கிறேன்.

முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் போன் வரும். காலை ஆறுக்கு பேகம்பேட்டிலிருந்து கிளம்ப வேண்டும். துணை விமானி நாலு மணிக்கே எழுந்து வானிலை பார்த்து, பறப்புத் திட்டம் போட்டு, வான் பாதுகாப்பு அனுமதி (ஏடிசி) எண், பறப்புத் தகவல் மையத்தின் (எஃப்ஐசி) எண் வாங்கி, எரிபொருளுக்குச் சொல்லி, எடைக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் ஐஸ் பெட்டி வந்ததா, செய்தித்தாள் இருக்கிறதா, மேடத்துக்கு சர்க்கரை இல்லாத காபியா என்பதும் நம் வேலைதான். பெட்டிகளை ஏற்றுவதும் பெரும்பாலும் நாம்தான். ஏர்லைன்ஸில் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனி ஆள் உண்டு. இங்கே இரண்டு பேர், சில இடங்களில் கூட ஒரு இன்ஜினியர்.

ரேணிகுண்டாவில் இறக்கிவிட்டால், மலைக்குப் போனவர் ஒரு மணிக்கு வருகிறேன் என்பார். நாலரைக்கு வருவார். சாமி யாரை எப்போது விடுவார் என்று நாம் கேட்க முடியாது. அடுத்து போக வேண்டியது ஓடுபாதை விளக்கு இல்லாத ஒரு சின்னத் தளம் என்று வையுங்கள். கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி மட்டும் இயங்கும் அந்தத் தளத்தில் அஸ்தமனத்துக்குப் பிறகு இறங்கக்கூடாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பத்து நிமிடம் இடிக்கிறது. பின் இருக்கையிலிருந்து குரல் வரும்: "போன தடவை அந்த கேப்டன் போனாரே?"

வேலையின் கடினமான இடம் இதுதான். பறப்பதல்ல, 'முடியாது சார்' என்று சொல்வது. ஏர்லைன்ஸில் அந்த 'முடியாது'வைச் சொல்ல உங்களுக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாட்டு அறை, எழுதிவைத்த நடைமுறை, ஒவ்வொரு பறப்பின் தரவையும் எடுத்துப் பார்க்கும் பிரிவு எல்லாம் நிற்கும். 180 பேரில் எந்தப் பயணிக்கும் கேப்டனின் சம்பளத்தின் மேல் கை கிடையாது. சார்ட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவரே சம்பளம் கொடுப்பவராக இருக்கலாம். நல்ல நிறுவனத்தில் விமானிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆபரேஷன்ஸ் தலைவர் நின்று, கேப்டன் சொன்னால் சொன்னதுதான் என்பார். மோசமான இடத்தில் அந்த ஆள் இருக்க மாட்டார், இருந்தாலும் போனை எடுக்க மாட்டார்.

நம் பக்கத்து மக்களுக்கு சின்ன விமானம், ஹெலிகாப்டர் என்றாலே சில பெயர்கள் நினைவுக்கு வரும். 2002இல் கைகலூர் அருகே ஹெலிகாப்டரில் போன மக்களவைத் தலைவர் பாலயோகி. 2004 தேர்தலில் கரீம்நகர் பிரசாரத்துக்குக் கிளம்பி பெங்களூரு ஜக்கூரிலேயே முடிந்துபோன நடிகை சௌந்தர்யா. 2009இல் நல்லமலைக் காட்டில் ஹெலிகாப்டரில் போன ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, சின்ன விமானமே ஆபத்து என்று அம்மா சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நேரம் குறித்துவைத்த பெரிய மனிதர், மாறும் வானிலை, வசதி குறைந்த தளம் மூன்றும் சேரும் வேலை இது என்பது உண்மை. தேர்தல் மாதங்களில் மூன்றும் தினமும் சேரும்.

அம்மாவின் டிரைவர் கேள்விக்கு வருகிறேன். ஏர்லைன்ஸ் விமானியும் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறவர்தான். இரண்டுக்கும் உரிமம் ஒன்று, மருத்துவச் சோதனை ஒன்று, வானம் ஒன்று. கிங் ஏர் பலநேரம் ஆம்புலன்ஸாகவும் பறக்கும். நள்ளிரவில் வென்டிலேட்டரோடு ஒரு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்தால், அம்மா அந்தச் சொல்லை எடுக்க மாட்டார்.

இந்த வேலையில் கிடைக்கும் லாபத்தையும் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன ஓடுபாதைகள், தானியங்கிக் கருவியை நம்பாமல் கையால் ஓட்டும் பழக்கம், மழை மேகத்தை ரேடாரில் படிக்கும் நிதானம், ஒரு பறப்பை முதல் போனிலிருந்து கடைசி ரசீது வரை தானே நடத்தும் திறமை. ஏர்லைன்ஸில் நேராகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது கிடைக்கப் பல ஆண்டு ஆகும், சிலருக்குக் கிடைப்பதே இல்லை.

ஏர்லைன்ஸ் அரசாங்க வேலை இல்லை

உங்கள் கடிதத்தில் 'பர்மனென்ட்' என்ற சொல் ஏர்லைன்ஸுக்குப் பக்கத்திலேயே வருகிறது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். நம் பக்கத்துக் கதை வேண்டுமானால் சென்னையின் பாரமவுண்ட் 2010இல் நின்றது. விஜயவாடாவிலிருந்து 2013இல் கிளம்பிய ஏர் கோஸ்டா 2017இல் முடிந்தது. அவற்றில் இருந்த விமானிகளும் கடன் வாங்கிப் படித்தவர்கள்தான். கொரோனா காலத்தில் ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்களே சம்பளத்தை வெட்டின. சம்பளத்தில் பெரிய பங்கு பறக்கும் மணிநேரத்தைப் பொறுத்தது என்பதால், விமானம் நின்றால் பையும் காலி.

மாமா சொன்ன டிசம்பர் விஷயத்தை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். விமானிகளின் களைப்பைக் குறைக்க, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ புதிய பணிநேர விதிகளைக் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் அமல். அதற்குத் தேவையான அளவு விமானிகளை வைத்துக்கொள்ளாததால் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பிறகு சில விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகத் தளர்வு கிடைத்தது என்பது வேறு சங்கதி. உங்களைப் போன்றவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விமானங்கள் ஓட இன்னும் ஆள் தேவை என்பதைத்தான். ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது 2023இல். அவை பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வரும். எப்போது, யாரை எடுப்பார்கள் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை.

அம்மா நினைப்பதுபோல் வாரம் இரண்டு நாள் நகரியில் இருக்கலாம் என்பதும் உறுதி இல்லை. சென்னை பேஸ் கிடைத்தால் சரி. புதியவரை டெல்லியிலோ கொல்கத்தாவிலோ போடுவார்கள், வார ஓய்வில் பாதி பயணத்தில் போகும். என்றாலும் அடுத்த மாத அட்டவணை முன்கூட்டியே கையில் இருக்கும். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்க ஒரு முறை இருக்கும். சார்ட்டரில் மாதத்தில் பாதி நாள் சும்மா இருப்பீர்கள், எந்தப் பாதி என்று முந்தின நாள்தான் தெரியும்.

நான் ஏன் முதலில் ஏர்லைன்ஸ் என்பேன்

இரண்டுமே முன்னால் இருந்தால் உங்கள் வயதில் ஏர்லைன்ஸைத்தான் எடுக்கச் சொல்வேன். காரணம் சம்பளமோ தொப்பியோ இல்லை, மணிநேரம். ஏர்லைன்ஸ் துணை விமானி ஆண்டுக்கு 700, 800 மணி சாதாரணமாகப் பறப்பார் (சட்ட உச்சவரம்பு 1,000). சார்ட்டரில் 250 முதல் 400 வந்தாலே நல்ல ஆண்டு. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். 200இலிருந்து அங்கே போக ஏர்லைன்ஸில் இரண்டு ஆண்டு போதும், சார்ட்டரில் நாலைந்து ஆகலாம்.

அப்புறம் வரிசை. ஏர்லைன்ஸில் சேர்ந்த தேதிதான் எல்லாம். 35 வயதில் சார்ட்டரிலிருந்து போனால், பத்து வயது சின்னவர்களுக்குப் பின்னால், குறைந்த சம்பளத்தில் நிற்க வேண்டிவரும். எதிர்த்திசையில் வழி சுலபம். பெரிய தொழில் குழுமங்களின் ஃபால்கன், கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற ஜெட்டுகளுக்கு 200 மணிக்காரரை எடுக்க மாட்டார்கள். ஏர்லைன்ஸிலோ விமானப்படையிலோ சில ஆயிரம் மணி பறந்தவரைத்தான் தேடுவார்கள். ரேணிகுண்டாவில் நீங்கள் ஆசைப்பட்ட அந்த இருக்கைக்கே நேர்வழி ஏர்லைன்ஸ் வழியாகத்தான் போகிறது என்று சொல்லலாம்.

ஆனால் ஏர்லைன்ஸ் இன்று கையில் இல்லை. ஒன்றரை ஆண்டாக வேலை இல்லாத விமானிக்கு, நல்ல சார்ட்டர் இருக்கை காத்திருப்பதைவிட மேல். அந்த மணிநேரம் வீண் இல்லை. முழு எடை கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. கிங் ஏர் பி200, 5,700 கிலோவுக்கு உட்பட்ட, ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். அதில் துணை விமானியாகப் பறந்த மணிநேரத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் முழுதாக ஏற்காமல் போகலாம். இந்திய நிறுவனங்களின் ஆரம்பநிலைத் தேர்வுக்கு, தொடர்ந்து பறந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதே பெரிய பலம். உங்கள் லாக் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் மணிநேரம் ஏறும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. உதவிப் பயிற்றுநர் தகுதி எடுத்து ஏதாவது பறப்புப் பள்ளியில் சேர்வது. சம்பளம் குறைவு, வெயில் அதிகம். ஆனால் ஏறும் மணிநேரமெல்லாம் நீங்களே பொறுப்பாக ஓட்டிய மணிநேரம், அதுவும் வேகமாக ஏறும். ஆண் பிள்ளைகள் கௌரவம் பார்த்து விட்டுவிடும் வழி இது. ஐதராபாத் சரிவராவிட்டால் அடுத்து நீங்கள் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஐதராபாத் காகிதத்தில் மாற வேண்டியவை

வேலை நல்லதாக இருக்கலாம். அந்தக் காகிதம் நல்லதில்லை. இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

*காசோலை.* தொகை எழுதாத, கையெழுத்திட்ட காசோலை எக்காரணத்துக்கும் கூடாது. நாளைக்கு அவர்கள் தொகையை எழுதி வங்கியில் போட்டு, அது திரும்பினால் காசோலைச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் உங்கள் மேல் குற்றவழக்கு வரும். அங்கே நின்று 'இது பாதுகாப்புக்குக் கொடுத்தது' என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையதாகிவிடும். மூலச் சான்றிதழும் அப்படித்தான். நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

*பாண்ட்.* கோர்ட்டில் நிற்காது என்று மாமா சொல்வது தவறு. பயிற்சிக்குச் செலவழித்த முதலாளி நியாயமான ஈடு கேட்கலாம் என்பதே சட்டத்தின் போக்கு. 2025 மே மாதம் ஒரு வங்கி அதிகாரியின் வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அதேசமயம் எழுதிய தொகை முழுதும் தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான ஈடு என்றுதான் பேசுகிறது. ஆகவே பேரம் பேச இடம் இருக்கிறது. கிங் ஏர் பயிற்சிக்கு அவர்கள் உண்மையில் என்ன செலவழிக்கிறார்கள்? அந்தத் தொகைதான் பாண்ட் தொகையாக இருக்க வேண்டும், மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். பயிற்சிச் செலவை உங்களிடமே வாங்கிக்கொண்டு பாண்டும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏர்லைன்ஸ் அழைப்பு வந்தால் எத்தனை மாத நோட்டீஸ், தடையில்லாச் சான்று எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஓராண்டு என்று 2017இல் டிஜிசிஏ வகுத்ததும் விமானிகள் அதை எதிர்த்து வழக்காடியதும் இந்த விஷயம் எவ்வளவு கசப்பானது என்பதைச் சொல்லும். கையெழுத்துக்கு முன் சித்தூரிலோ சென்னையிலோ ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு செலவே இல்லை.

*பெர்மிட்.* அவர்களிடம் டிஜிசிஏவின் அட்டவணையில்லா இயக்க அனுமதி இருக்கிறதா, நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தின் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிசிஏ இணையதளத்திலேயே பட்டியல் உண்டு. தனியார் வகையில் பதிவான விமானத்தை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அதில் விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். 'நண்பருடைய விமானம்', 'செலவைப் பகிர்ந்துகொள்கிறோம்' என்ற பேச்சு காதில் விழுந்தால் அங்கே நிற்காதீர்கள்.

*தங்குமிடம்.* கூச்சப்படாமல் கேளுங்கள். இரவு வெளியூரில் நிற்கும்போது தனி அறை, வண்டி, நள்ளிரவுக் கிளம்பலுக்கு ஆள் எல்லாம் யார் பொறுப்பு? ஏர்லைன்ஸில் பெண் விமானிகள் இவ்வளவு பேர் இருப்பதால் இதெல்லாம் பழகிப்போன ஏற்பாடு. சார்ட்டரில் பலநேரம் இருப்பது நீங்களும் ஒரு கேப்டனும் மட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும். இன்னொன்று, மருத்துவக் காரணத்தால் உரிமம் போனால் ஈடு தரும் காப்பீடு. பெரிய ஏர்லைன்ஸில் குழுக் காப்பீடாகக் கிடைக்கும், சின்ன நிறுவனத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

இத்தனைக்கும் மேலாக, அங்கே இப்போது வேலை செய்யும் துணை விமானி ஒருவரோடு, முடிந்தால் விலகிய ஒருவரோடு பேசுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: கேப்டன் கடைசியாக எப்போது ஒரு பயணத்தை மறுத்தார், மறுத்தபிறகு என்ன ஆனது? 'அப்படி நடந்ததே இல்லை' என்றால் அது நல்ல பதில் இல்லை. 200 மணியில் நீங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கற்பீர்கள், நல்லதையும் கெட்டதையும். இரண்டே கேப்டன் இருக்கும் நிறுவனத்தில் அவர்கள்தான் உங்கள் பள்ளிக்கூடம்.

காசோலையை விட்டு, பாண்டைக் குறைத்து, பெர்மிட்டும் சரியாக இருந்தால் சேருங்கள். 25,000 ரூபாயில் வட்டிகூட அடையாது என்பதால், ஆறு மாதம் முடிந்ததும் என்ன சம்பளம் என்ற வரி அந்தக் காகிதத்தில் எண்ணாகவே இருக்க வேண்டும். சேர்ந்த பிறகும் ஏர்லைன்ஸ் அறிவிப்பு ஒன்றையும் விடாதீர்கள். நீங்கள் தவறியது எழுத்துத் தேர்வில் இல்லை, அதற்கடுத்து வரும் கை-கண் ஒருங்கிணைப்புச் சோதனையில். அது பழகினால் வருவது. அந்தக் காகிதத்தை மாற்ற முடியாது என்று ஐதராபாத்காரர்கள் சொல்லிவிட்டால் அந்த வேலை போகட்டும், பயிற்றுநர் வழியைப் பாருங்கள்.

உங்கள் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இன்னும் மூன்று மாதத்தில் காலாவதி ஆவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐதராபாத்காரர்கள் இழுத்தடித்தாலும் அதற்குள் புதுப்பித்துவிடுங்கள். அது இல்லாமல் இந்த மூன்று வழியில் எதிலும் உங்களை உடனே எடுக்க மாட்டார்கள். நைனாவிடம் பணம் கேட்பதாக இருந்தால் இதற்கு மட்டும் கேளுங்கள்.